தோள் திரும்புகிறதா, கை மட்டும் போகிறதா?

கேள்வி: எனக்கு வயது 52. வலது கை ஆட்டக்காரன். மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 24-லேயே நின்றுவிட்டது. ‘இடது கையை நேராக வை, வலது முழங்கையை உடம்போடு ஒட்டி வை, தோளை முழுசாகத் திருப்பு’ என்ற மூன்றையும் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மூன்றையும் செய்வதாகத்தான் நினைக்கிறேன். ஆனால் டிரைவரை (வெகுதூரம் அடிப்பதற்கான நீளமான மட்டை) எடுத்தால் பந்து வலது பக்கம் வளைந்து போகிறது. ஷார்ட் ஐயனில் (குறைந்த தூரத்துக்கான மட்டை) வளையாமல் நேரே இடது பக்கம் போகிறது. பந்தை அடித்த பிறகு இடது முழங்கை மடங்கி வெளியே துருத்திக்கொண்டு நிற்பது வீடியோவில் தெரிகிறது. இரண்டு மாதமாக பேக்ஸ்விங்கின் (மட்டையைப் பின்னால் தூக்கும் வீச்சின்) உச்சியில் இடது தோளின் மேல்பக்கம் வலிக்கிறது. ஒருவர் ‘கையால் அடி’ என்கிறார். இன்னொருவர் ‘கையை மறந்துவிடு, உடம்பால் அடி’ என்கிறார். எதைக் கேட்பது? டிரைவரை எத்தனை நாள் ஒதுக்கி வைக்க வேண்டும்?

பதில்: முதலில் வலியைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு மாதம் நீடிக்கும் தோள் வலியோடு முழு ஸ்விங் ஆடாதீர்கள். ஒரு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ நேரில் பாருங்கள். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது பலம் போய்விடுகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கடிதத்தைப் படித்து நான் சொல்வது ஸ்விங்கைப் பற்றித்தான். மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

ஆனால் நீங்கள் எழுதிய நான்கு தொல்லைகளும், அதாவது வளையும் டிரைவர், இடது பக்கம் போகும் ஐயன், துருத்தும் முழங்கை, உச்சியில் வரும் வலி, தனித்தனியானவை அல்ல என்று நினைக்கிறேன். பேக்ஸ்விங்கில் உங்கள் நெஞ்சு பாதியிலேயே நின்றுவிடுகிறது. மிச்சத் தூரத்தைக் கை தனியாகப் போய் நிரப்புகிறது. நான்கும் அதிலிருந்துதான் வருகின்றன.

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சும் ஒரு காரணம். தமிழில் விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் எல்லாமே ‘கை’தான். ‘கையால் அடி’ என்று ஒருவர் சொன்னால் அவர் விரல்களையும் மணிக்கட்டையும் சொல்கிறாரா, முன்கையைச் சொல்கிறாரா, முழங்கைக்கு மேலே உள்ள புஜத்தைச் சொல்கிறாரா? மூன்றுக்கும் ஸ்விங்கில் வேறு வேறு வேலை. ‘தோளைத் திருப்பு’ என்பதும் அப்படித்தான். தோள் என்பது தனியாகத் திருப்பக்கூடிய ஒரு பாகம் அல்ல. அது நெஞ்சுக்கூட்டின் மேல் சவாரி செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தோள்மூட்டின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். புஜ எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பில் இருக்கும் ஆழமில்லாத ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. டீ என்ற சின்ன முளையின் மேல் வைத்த கோல்ஃப் பந்து போல. சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள்தான் அதை நழுவாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தத் தோள்பட்டை எலும்போ முதுகுப்புற விலாக்களின் மேல் வழுக்கிக்கொண்டு நகரக்கூடியது. கை முழுவதையும் உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் காறையெலும்பு ஒன்றுதான். இவ்வளவு தளர்வான அமைப்பு என்பதால்தான் கையை எந்தத் திசையிலும் வீச முடிகிறது. இதே காரணத்தால்தான் தோள் நம்மை ஏமாற்றவும் செய்கிறது.

அந்த ஏமாற்று இப்படி நடக்கும். நெஞ்சைத் திருப்பாமலே இடது தோள்பட்டையை மட்டும் விலாவின் மேல் முன்பக்கமாக வழுக்கவிட்டு, இடது கையை மார்பின் குறுக்கே இழுத்துவிடலாம். தோள் மோவாய்க்குக் கீழே வந்து சேர்ந்துவிடும். ‘ஆஹா, முழுத் திருப்பம்’ என்று உடம்பு சொல்லும். உங்கள் வீடியோவை உச்சியில் நிறுத்தி, தோளைப் பார்க்காமல் சட்டைப் பொத்தான்களைப் பாருங்கள். நெஞ்சு உண்மையிலேயே திரும்பியிருந்தால் பொத்தான்கள் இலக்குக்கு எதிர்த்திசையைப் பார்க்கும். பொத்தான்கள் இன்னும் பந்தைப் பார்த்துக்கொண்டு, கை மட்டும் உடம்பைச் சுற்றிப் பின்னால் போயிருந்தால் நான் சொல்வது சரி. இடது கையை விறைப்பாக வைத்து மார்பின் குறுக்கே அழுத்தும்போது, காறையெலும்பு தோள்பட்டையோடு சேரும் அந்தச் சின்ன மூட்டு நெரிகிறது. தோளின் மேல்பக்கம் என்று நீங்கள் காட்டும் இடம் ஏறக்குறைய அதுவே.

சரி, கை உண்மையில் என்ன செய்ய வேண்டும்? கிளப் (மட்டை) இல்லாமல் இதைச் செய்து பாருங்கள். நிமிர்ந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து நீட்டுங்கள். கையை அசைக்காமல் நெஞ்சை மட்டும் வலது பக்கம் திருப்புங்கள், இடுப்பும் கூடவே வரட்டும். கைகள் இன்னும் நெஞ்சுக்கு எதிரேதான் இருக்கின்றன. இப்போது வலது முழங்கையை மடக்கி, கைகளை வலது தோளின் உயரத்துக்குத் தூக்குங்கள். அவ்வளவுதான். இடது புஜம் மார்பின் குறுக்கே கொஞ்சம் வந்திருக்கும், அது இயல்பு. இனி இதையே இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து நின்று செய்யுங்கள். கண்ணாடியில் பார்த்தால் கைகள் உடம்பைச் சுற்றி வெகுதூரம் பயணம் செய்தது போலத் தெரியும். பார்க்கிறவருக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் நெஞ்சை வைத்துப் பார்த்தால் கைகள் முக்கியமாக மேலே ஏறியிருக்கின்றன. பின்னால் போன தூரத்தைக் கொடுத்தது நெஞ்சின் திருப்பம்.

நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பழகுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கண்ணுக்குத் தெரிவதைக் கையால் செய்யப் போகிறோம். கைகள் வலது இடுப்பைச் சுற்றி உள்ளே இழுபடுகின்றன, நெஞ்சுக்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. என்னிடம் வரும் பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு முதல் வாரம் முழுக்க இந்த ஒரு பயிற்சியைத்தான் கொடுக்கிறேன். அலுப்பாக இருக்கும். ஆனாலும் இதை விட்டுவிட்டு வேறு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் நிற்பதில்லை.

திருப்பத்தின் கோணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் சாய்ந்து நிற்கும்போது முதுகுத்தண்டும் சாய்ந்திருக்கிறது. தோள்கள் அதற்குச் செங்குத்தாகத்தான் சுற்ற வேண்டும். ஆகவே பேக்ஸ்விங்கில் இடது தோள் கீழே பந்தை நோக்கி இறங்கும், வலது தோள் மேலே ஏறும். தரைக்குச் சமமாகத் திருப்பினால் உடம்பு நிமிர்ந்துவிடும், கீழே வரும்போது அதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கேட்டால், தொழில்முறை ஆட்டக்காரர்களின் தோள்கள் சுமார் 90 பாகை திரும்புகின்றன, இடுப்பு அதில் ஏறக்குறைய பாதி. 52 வயதில் 75 பாகை உண்மையான நெஞ்சுத் திருப்பம் வந்தாலே தாராளம். இடுப்பைக் கட்டிப்போடாதீர்கள். தேவைப்பட்டால் இடது குதிகால் தரையை விட்டு எழும்பட்டும். 18 மேஜர் பட்டங்கள் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளின் பட்டங்கள்) வென்ற ஜாக் நிக்லாஸ் தன் உச்சக் காலத்தில் குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார்.

அடுத்து ‘இடது கையை நேராக வை’ என்பது. கோல்ஃபில் சொல்லப்படும் அறிவுரைகளில் அதிகம் பேரைக் கெடுத்தது இதுதான் என்று நான் நம்புகிறேன். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பேக்ஸ்விங்கில் கைகளுக்கும் நெஞ்சுக்கும் இடையிலான தூரம் குறையாமல் இருந்தால் வளையம் பெரிதாக இருக்கும், பந்தை ஒரே மாதிரி தொடுவதும் சுலபம். ஆனால் முழங்கையைப் பூட்டினால் அந்த இறுக்கம் முன்கைக்கும், தோளுக்கும், கழுத்துக்கும் ஏறும். நெஞ்சு திரும்ப மறுக்கும். விறைப்பால் கிடைப்பதை விட இழப்பது அதிகம்.

ஹாரி வார்டன் 1896-க்கும் 1914-க்கும் இடையில் ஆறு முறை ஓபன் சாம்பியன்ஷிப் வென்றவர். அவருடைய இடது முழங்கை பேக்ஸ்விங்கில் நன்றாகவே மடங்கியது. கால்வின் பீட் சிறு வயதில் இடது முழங்கை முறிந்து, அதை முழுசாக நீட்டவே முடியாதவர். அவர் பிஜிஏ டூரில் (அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடர்) 12 பட்டங்கள் வென்றார். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் டிரைவிங் துல்லியத்தில் அவர்தான் முதலிடம். நீட்ட முடியாத கையோடு, டூரிலேயே யாரையும் விட நேராக அடித்தவர்! எட் ஃபர்கோல் 1954-ல் யுஎஸ் ஓபனை வென்றபோது அவருடைய இடது கையும் வளர்ச்சி குன்றி, நீட்ட முடியாமல்தான் இருந்தது. உங்கள் முழங்கை கொஞ்சம் தளர்ந்திருப்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். கையை இழுத்து நேராக்காதீர்கள். நெஞ்சு திரும்பும்போது வலது கை லேசாகத் தள்ளிக் கொடுக்க, இடது கை தானாக நீளட்டும். டவுன்ஸ்விங்கில் (கீழே வரும் வீச்சில்) கிளப் வேகமெடுத்து வெளியே இழுக்கும்போது அந்த இழுவையே அதை நேராக்கிவிடும். பந்தைத் தொடும் நேரத்தில் நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உச்சியில் எப்படி இருந்தது என்பது அந்த அளவுக்கு முக்கியம் அல்ல.

வலது முழங்கையையும் இதே கண்ணோடு பாருங்கள். உடம்போடு ஒட்டி வைத்தால் கை மேலே ஏற முடியாது, ஏற முடியாதது பின்னால் போகும். உச்சியில் வலது முழங்கை ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி, அதன் முனை தரையைப் பார்த்திருந்தால் போதும். தோளுக்கு மேல் ஒரு தட்டை உள்ளங்கையில் ஏந்தி நிற்பது போன்ற உணர்வு வரும். இதற்கு வலது தோள்மூட்டு வெளிப்புறமாகச் சுழல வேண்டும். சிலருக்கு மூட்டு அவ்வளவு சுழலாது. புஜத்தைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, முன்கையைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். முன்கை நேர் மேலேகூட வரத் தயங்குகிறது என்றால் உங்கள் முழங்கை கொஞ்சம் வெளியே பறப்பதுதான் இயற்கை, வலுக்கட்டாயமாக இழுக்க வேண்டாம். நிக்லாஸின் வலது முழங்கையும் உச்சியில் பறந்தது. 1992-ல் மாஸ்டர்ஸை வென்ற ஃபிரெட் கப்புள்ஸின் முழங்கையும் அப்படித்தான். இறங்கும்போது அது விலாப்பக்கம் வந்துசேர்ந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இனி கீழே வருவது. பேக்ஸ்விங் ஏறக்குறைய முக்கால் விநாடி என்றால் டவுன்ஸ்விங் கால் விநாடிதான். நடுவில் யோசித்துத் திருத்த நேரமே கிடையாது. தொடக்கத்தில் வலது தோள் எந்தப் பக்கம் போகிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. நெஞ்சு திரும்பாமல் கை மட்டும் பின்னால் சிக்கிக்கொண்ட ஒருவர், கையை மீட்டுக்கொண்டு வர என்ன செய்வார்? வலது தோளைப் பந்தை நோக்கி வெளியே தள்ளுவார். கிளப் இலக்குக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஷார்ட் ஐயனில் லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) அதிகம், பக்கவாட்டு வளைவு அவ்வளவாகத் தெரியாது, பந்து வெட்டின திசையிலேயே இடது பக்கம் போய்விடும். டிரைவரில் லாஃப்ட் குறைவு. கிளப்ஃபேஸ் (பந்தைத் தொடும் முகம்) அந்தப் பாதையை விடக் கொஞ்சம் திறந்திருந்தாலும், அதாவது வலது பக்கம் பார்த்திருந்தாலும், பந்து வலது பக்கம் வளையும். இரண்டு வேறு நோய் என்று நீங்கள் நினைத்தது ஒரே ஸ்விங்தான்.

நீங்கள் தேட வேண்டிய உணர்வு இது: திரும்பிய முதுகை ஒரு கணம் இலக்குக்குக் காட்டிக்கொண்டே கைகளை வலது தொடைப் பக்கமாக விழ விடுங்கள். எடை இடது காலுக்கு நகரும், இடுப்பு திறக்கத் தொடங்கும், வலது தோள் வெளியே பாயாமல் கீழே இறங்கும். கைகளுக்கும் வலது தோளுக்கும் இடையிலான தூரம் அதிகமாகிக்கொண்டே வரும், வலது முழங்கை வலது இடுப்பின் முன்பக்கத்துக்கு வந்து நிற்கும். அங்கிருந்து நெஞ்சைத் தயங்காமல் திருப்பலாம். உண்மையில் நெஞ்சு ஒரு கணம்கூடக் காத்திருப்பதில்லை. ஆனால் அவசரப்பட்டே பழகிய உடம்புக்குக் காத்திருப்பதாக நினைத்தால்தான் சரியாக வரும். ஸ்விங்கில் உணர்வதும் நடப்பதும் வேறு என்பதை மனதில் வையுங்கள், வீடியோவையே நம்புங்கள்.

அந்தத் துருத்தும் இடது முழங்கைக்கு, ‘சிக்கன் விங்’ என்பார்களே அதற்கு, தனி மருந்து தேடாதீர்கள். பந்தைத் தொடும்போது நெஞ்சு நின்றுவிட்டால் கைகளுக்குப் போக இடமில்லை, முழங்கை மடங்கித்தான் ஆக வேண்டும். திறந்திருக்கும் கிளப்ஃபேஸைக் கடைசி நேரத்தில் சமாளிக்க இழுத்தாலும் இதேதான் நடக்கும். ஜோர்டன் ஸ்பீத் இடது முழங்கை லேசாக மடங்கிய நிலையிலேயே பந்தைக் கடந்து போகிறவர். 2015-ல் மாஸ்டர்ஸையும் யுஎஸ் ஓபனையும் வென்றார். அவர் நெஞ்சு நிற்பதில்லை, ஃபேஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதனால் அது அவருக்குக் குறையாகவில்லை. உங்களுக்கு அது வேறு ஒன்றின் விளைவு. நெஞ்சு தொடர்ந்து திரும்பினால், பந்தைத் தொடும்போது இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்கும் வலது கை பந்தைத் தாண்டியதும் நீளும். அந்த இடத்தில் இரண்டு கைகளும் நேராக இருக்கும். ஃபாலோ த்ரூவில் (அடித்த பிறகு தொடரும் வீச்சில்) இடது கை மடங்குவது அதற்கு அப்புறம்தான்.

பயிற்சிக்கு வருவோம். மருத்துவர் சரி என்ற பிறகு, எட்டாம் நம்பர் ஐயனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அக்குளிலும் குறுக்கே ஒரு துண்டை வைத்து, கைகள் இடுப்புயரம் வரை போய், மறுபக்கமும் அதே உயரத்தில் நிற்கும் அரை ஸ்விங். விஜய் சிங் இடது அக்குளில் கையுறையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி செய்வது பலரும் பார்த்த காட்சி. ஆனால் இதைத் தவறாகச் செய்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். துண்டை இறுக்கிப் பிடிப்பது நோக்கம் அல்ல. நெஞ்சும் புஜமும் சேர்ந்து நகர்ந்தால் அது தானாக நிற்கும். இறுக்கினால் மறுபடி அதே விறைப்புதான். முழு ஸ்விங்கில் வலது பக்கத் துண்டு விழத்தான் செய்யும், விழவும் வேண்டும். அதனால் அரை ஸ்விங்கோடு நிறுத்துங்கள்.

இது பழகியதும் உச்சி வரை போய், கைகளை இடுப்புயரத்துக்கு இறக்கி, மறுபடி உச்சிக்குப் போய், மறுபடி இறக்கி, மூன்றாவது முறை நிறுத்தாமல் பந்தை அடியுங்கள். இறக்கும் ஒவ்வொரு முறையும் வலது முழங்கை எங்கே வருகிறது என்று பாருங்கள். வேகம் மூன்றில் ஒரு பங்கு போதும். பந்து எங்கே போகிறது என்பதை இந்த நாட்களில் கணக்கில் எடுக்காதீர்கள். அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

‘கையால் அடி’ என்றவரும் ‘உடம்பால் அடி’ என்றவரும் சண்டை போட வேண்டியதில்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். இடுப்பு, நெஞ்சு, புஜம், கடைசியில் கிளப். ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தளர்கிறது. கை சும்மா இருந்தால் கிளப் பின்தங்கும், கை முந்தினால் உடம்பு நின்றுவிடும். உங்களிடம் கை முந்துகிறது. அதனால் இப்போதைக்கு இரண்டாமவர் பேச்சு உங்களுக்கு உதவும். வலது கை பின்தங்கி, பந்தை இடுப்பால் மட்டும் அடிக்கப் பார்க்கும் வேறொருவருக்கு நான் முதலாமவர் சொன்னதைத்தான் சொல்வேன்.

டிரைவருக்கு நாள் குறிக்க மாட்டேன். எட்டாம் நம்பர் ஐயனில் பத்து முழு ஸ்விங்கை வீடியோ எடுங்கள். கேமரா உங்கள் முன்பக்கம் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பத்தில் ஏழிலாவது உச்சியில் பொத்தான்கள் பந்தை விட்டுத் திரும்பியிருந்து, தோளில் வலி துளியும் இல்லை என்றால் மறுநாளே டிரைவரை எடுங்கள். முதல் இருபது பந்தை டீயில் வைத்து முக்கால் ஸ்விங்கில் மட்டும் அடியுங்கள். பத்தில் நான்கில்தான் பொத்தான்கள் திரும்பின என்றால் டிரைவர் பையிலேயே இருக்கட்டும், துண்டை மறுபடி அக்குளில் வையுங்கள்.